வடிகட்டி மலிவு! வாழ்வும் மலிவா?

வாளி! சிவப்பு வாளி, நீல வாளி, பெயின்ட் தீர்ந்துபோன பழைய டப்பா! 2023 டிசம்பர் மாதத்திலே, எண்ணூர் முகத்துவாரத்திலே, எண்ணெயை எதிர்த்துப் போரிட ஏழை மீனவனுக்குக் கிடைத்த படைக்கலம் அதுதான். விண்கலத்தை நிலவிலே இறக்கிவிட்டோம் என்று நாடே மகிழ்ந்த அதே ஆண்டில், ஆற்றிலே படிந்த எண்ணெயை அள்ள வாளி!

மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த நாட்கள் அவை. மணலிப் பக்கமிருந்து வெள்ளம் புறப்பட்டது. வெள்ளத்தோடு எண்ணெயும் புறப்பட்டது. பக்கிங்காம் கால்வாயில் இறங்கிற்று. கொசஸ்தலையாற்றில் கலந்தது. எண்ணூர்க் கழிமுகத்திலே கரிய பாயாக விரிந்தது. ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பென்று கடலோரக் காவல்படை கணக்குச் சொல்லிற்று. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று குப்பத்துக்குக் குப்பம் படகு கறுத்தது, வலை கறுத்தது, வாசற்படி கறுத்தது. வெள்ளைக் கூழைக்கடாவின் இறகும் கறுத்தது. மீன் செத்து மிதந்தது. சாகாத மீனையும் வாங்க ஆளில்லை.

அள்ளியவர் யார்? எண்ணெய்க்குச் சொந்தக்காரர் அல்ல. அதிலே இலாபம் கண்டவரும் அல்ல. இறால் பிடித்த கையே எண்ணெயை அள்ளிற்று. தொடக்க நாட்களில் கையுறைகூட இல்லாமல் அள்ளிற்று. தோல் எரிந்தது, மூச்சு முட்டியது, இருந்தும் அள்ளினார்கள். ஆறு அவர்களுடைய சோற்றுப்பானை. பானையிலே நஞ்சு விழுந்தால், யார் போட்டது என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? முதலில் அள்ளத்தானே வேண்டும்!

இது முதல் முறையா? இல்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்றின் பெயர் பி.டபிள்யூ. மேப்பிள், மற்றொன்றின் பெயர் டான் காஞ்சிபுரம். கப்பலிலிருந்து வழிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையிலே கூழாக ஒதுங்கியது. அப்போதும் வாளிதான். மாணவர்கள் வந்தார்கள், மீனவர்கள் வந்தார்கள், காவல்படையினர் வந்தார்கள், வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் எண்ணெய் வந்தது. மீண்டும் வாளி வந்தது. ஆறு ஆண்டுகளில் வாளியின் நிறம் மாறிற்றே தவிர, வேறெது மாறிற்று என்று கேட்கிறோம்.

யார் பொறுப்பு என்ற வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மழைநீர் வெளியேறும் வழியிலே எண்ணெயின் தடயத்தைக் கண்டதாகக் கூறிற்று. ஆலை நிர்வாகமோ, எங்கள் குழாயிலே கசிவேதுமில்லை என்றது. மழையின்மீது பழி! பெருவெள்ளத்தின்மீது பழி! சரி, ஒரு பேச்சுக்காக ஒப்புக்கொள்வோம். மழை எண்ணெயை அடித்துக்கொண்டு போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். மழை எண்ணெயை உண்டாக்கிற்றா? மேகத்திலிருந்தா எண்ணெய் பொழிந்தது? எங்கோ ஒரு தரையிலே, எங்கோ ஒரு தொட்டியிலே, எங்கோ ஒரு வடிகாலிலே அது தேங்கிக் கிடந்ததால்தானே மழை அதைத் தூக்கிச் சென்றது?

இங்கேதான் நாம் சொல்லவந்த செய்தி தொடங்குகிறது. "சுத்தம் செய்து விடலாம், ஆனால் செலவாகுமே! தொழில் நசிந்துவிடுமே! தொழிலாளியின் வேலை போய்விடுமே!" என்ற பேச்சை வடசென்னைத் தோழர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலே, அப்பன் கேட்டான், மகன் கேட்டான், இப்போது பேரன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தச் செலவு என்கிறார்களே, அது எவ்வளவு பெரிய பூதம் என்று சற்றே அருகில் சென்று பார்ப்போம், வாருங்கள்.

* * *

நீரை வடிகட்டுவது மேட்டுக்குடியின் வித்தையல்ல. கலங்கிய ஏரி நீரைப் பானையிலே ஊற்றுமுன், பானையின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரசுவாள் நமது பாட்டி. சிறிது நேரத்தில் மண் அடியிலே தங்கும்; மேலே தெளிந்த நீர் நிற்கும். அது மந்திரமல்ல, மாயமல்ல, தெய்வத்தின் திருவிளையாடலுமல்ல. நீரிலே மிதக்கும் நுண்ணிய மண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே திரிகின்றன. கொட்டையிலுள்ள பொருள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஒட்டியவை கனத்துக் கீழே விழுகின்றன. முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு. படிகாரமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பெரிய பெரிய நீரேற்று நிலையங்களிலே மூட்டை மூட்டையாகப் படிகாரம் கலக்கிறார்களே, அந்த அறிவியலின் அரிச்சுவடி பாட்டியின் கையிலே இருந்தது.

மணலைப் பாருங்கள். மணலைவிட மலிவான பொருள் உண்டா? அந்த மணல் ஒரு துறைமுக நகரத்தின் உயிரைக் காத்த கதை ஒன்று உண்டு. ஜெர்மனி நாட்டிலே எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க் என்னும் செல்வத் துறைமுகம். அதை ஒட்டினாற்போல் ஆல்டோனா என்னும் ஊர். இரண்டுக்கும் குடிநீர் அதே ஆறுதான். ஹாம்பர்க் ஆற்றுநீரை வடிகட்டாமல் குழாயிலே விட்டது. வடிகட்டி கட்டினால் செலவாகும் என்று சீமான்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆல்டோனாவோ, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த நீரையே எடுத்தும், மணற்படுகையிலே வடிகட்டிக் கொடுத்தது. 1892-இல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், துறைமுகத்தை அண்டிப் பிழைத்தவர்கள். எல்லைத் தெருவுக்கு அந்தப் பக்கம், மணல் வடித்த நீரைக் குடித்த ஆல்டோனாவிலே நோய் தலைகாட்டிற்றே தவிர, தலைவிரித்து ஆடவில்லை. ஒரு தெரு! இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் வாழ்வு. நடுவிலே நின்றது மணல்!

நமது சென்னைக்கும் அந்தப் பாடம் புதிதல்ல. 1872 முதல் செங்குன்றம் ஏரியின் நீர் வடிகட்டப்படாமலே நகருக்கு வந்துகொண்டிருந்தது. பின்னர் 1914-இல் கீழ்ப்பாக்கத்திலே மணல் வடிகட்டிகள் அமைந்தன. மேட்லி என்ற பொறியாளர் அமைத்தார். மணலின் மேற்பரப்பிலே படியும் மெல்லிய பாசித்தோல், கிருமியைத் தின்று தீர்க்கும். எந்திரமில்லை, எரிபொருளில்லை, நீரும் மணலும் பொறுமையும் போதும்.

அது குடிநீர். ஆலைக் கழிவுநீர் வேறு. அதிலே கிருமி மட்டுமா? சாயம், எண்ணெய், அமிலம், ஈயம், குரோமியம் என்று நஞ்சின் சந்தையே நடக்கும். அதற்கும் மலிவான பொருள் உண்டா? உண்டு, தோழர்களே! தேடிக் கடல்தாண்டிப் போகவேண்டாம். வடசென்னையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும்.

செங்குன்றத்துக்குப் போங்கள். அரிசி ஆலைகளிலே உமி மலையாகக் குவிந்திருக்கிறது. அந்த உமியைக் கரியாக்கினால் சாயத்தைப் பற்றும். சில உலோகங்களையும் பற்றும்.

காசிமேட்டுக்கு வாருங்கள். இறால் தலையும் நண்டு ஓடும் நாறிக் கிடக்கின்றன. அந்த ஓட்டிலிருந்து கைட்டின் என்ற பொருளையும், அதிலிருந்து கைட்டோசான் என்ற பொருளையும் எடுக்கிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அதற்கு வழிமுறை வகுத்துத் தந்தது. நீரிலே கரைந்துள்ள செம்பையும் ஈயத்தையும் பாதரசத்தையும் கைட்டோசான் கையைப் பிடித்து நிறுத்தும். மீனவன் எறியும் ஓடு, மீனவனின் ஆற்றைக் காக்க வல்லது!

தேங்காய்க் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கரியாக்கி, பின்னர்க் கடும் வெப்பத்திலே நீராவியைப் பாய்ச்சினால், கரியின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். அத்தகைய ஒரு கிராம் கரியின் உள்மேனியை விரித்துப்போட முடியுமானால் 1,000 சதுர மீட்டர் வரை வரும் என்கிறார்கள். கால் ஏக்கர் நிலம், ஒரு சிட்டிகைக் கரிக்குள்ளே! முதல் உலகப்போரிலே நச்சுக்காற்றை வீசினார்களே, அப்போது போர்வீரனின் முகமூடிக்குள் இருந்து அவன் உயிரைக் காத்தது இந்தக் கரிதான். கொட்டாங்கச்சி போதாமல் 1918-இல் அமெரிக்காவிலே பழக்கொட்டைகளைப் பொதுமக்களிடம் கேட்டு வாங்கினார்கள். நச்சுக்காற்றை வடித்த கரி, சாயத்தையும் நாற்றத்தையும் பல இரசாயனங்களையும் நீரிலிருந்து வடிக்கிறது.

லேத்துப் பட்டறையிலே சுருள் சுருளாகக் கழிந்து விழும் இரும்புத் துருவலைக் குப்பையென்றா எண்ணுகிறீர்கள்? வங்கதேசத்திலே நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் பாஷாணம். அங்கே பிறந்து அமெரிக்காவிலே பணியாற்றும் அபுல் ஹுசாம் என்ற அறிவியலாளர் இரும்புத் துண்டு, ஆற்றுமணல், மரக்கரி, செங்கல் சல்லி ஆகியவற்றை இரண்டு வாளிகளிலே அடுக்கி, அந்தப் பாஷாணத்தை வடித்துக் காட்டினார். 2007-இல் அமெரிக்கப் பொறியியல் அகாதமி அவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசளித்தது. அதுவும் வாளிதான்! ஆனால் அறிவோடு அடுக்கிய வாளி!

கடைசியாக இலவம்பஞ்சு. 'இலவு காத்த கிளி' என்று பழமொழி சொல்கிறோம். காய் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சுதான் கிடைத்தது, கிளி ஏமாந்தது. அந்தப் பஞ்சு கிளிக்கு ஆகாது. ஆனால் எண்ணூருக்கு ஆகும்! இலவம்பஞ்சின் இழைமேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு. அது நீரை உதறும், எண்ணெயை உறிஞ்சும். பருத்திக்கும் அந்தக் குணம் உண்டு. ஆலைக்காரர் விலைபோகாது என்று ஒதுக்கும் முற்றாத பருத்தி, தன் எடையைப்போல் 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயைத் தாங்கும் என்று 2013-இல் டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சேஷாத்ரி ராம்குமாரும் உடனிருந்தோரும் ஆய்ந்து வெளியிட்டார்கள். பஞ்சை நீண்ட பையிலே திணித்துக் கால்வாயின் குறுக்கே மிதக்கவிட்டால், மேலே மிதந்துவரும் எண்ணெய்க்கு அது ஒரு அணை.

உமி, ஓடு, கொட்டாங்கச்சி, துருவல், பஞ்சு, மணல்! இவற்றிலே எது தங்கம்? எது வைரம்? எதை வாங்கினால் எந்த முதலாளி பிச்சைக்காரனாவான்?

* * *

ஆனால் தோழர்களே, மேடைப் பேச்சுக்காக ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு மற்றொன்றை மறைப்பது நமது வழக்கமல்ல. நாம் பட்டம்பெற்ற விஞ்ஞானிகள் அல்ல; பள்ளிப்படிப்போடு நின்றவர்கள். ஆகவே, கேட்டதை நம்பிவிடாமல், செய்து பார்த்தோம்.

ஒரு பிளாஸ்டிக் புட்டியின் அடியை அறுத்துத் தலைகீழாக நிறுத்தினோம். வாயிலே பஞ்சு. அதன்மேல் இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரியை நொறுக்கிப் போட்டோம். அதன்மேல் கழுவிய மணல். நீலமை கலந்த நீரை ஊற்றினோம். முதல் தம்ளர் ஏறத்தாழ நிறமின்றி இறங்கிற்று. சுற்றி நின்ற தோழர்கள் கைதட்டினார்கள். இன்னும் ஊற்றினோம், ஊற்றிக்கொண்டே போனோம். மெல்ல மெல்ல நீலம் தலைகாட்டியது. பின்னர் ஊற்றிய நிறமே இறங்கிய நிறம். கைதட்டலும் நின்றது. கரியின் துளைகள் நிரம்பிவிட்டன. அவ்வளவுதான் அதன் வயிறு.

அடுத்து, நீரிலே உப்பைக் கரைத்து ஊற்றினோம். இறங்கிய நீரைத் தட்டிலே வெயிலில் வைத்தோம். மாலையில் தட்டிலே வெள்ளையாக உப்பு! கரைந்த உப்பை மணலும் கரியும் தொடவே இல்லை.

இந்தச் சிறு சோதனை நமக்குக் கற்றுத் தந்த பாடம் பெரிது. ஒரே வடிகட்டி எல்லா நஞ்சையும் வடிக்காது. எண்ணெய்க்குப் பஞ்சு, சாயத்துக்குக் கரி, அமிலத்துக்குச் சுண்ணாம்பு, உலோகத்துக்கு வேறொன்று என்று நஞ்சின் இனமறிந்து வைக்கவேண்டும். வைத்ததை நாளறிந்து மாற்றவேண்டும். மாற்றி எடுத்த கரியும் பஞ்சும் இப்போது நஞ்சு குடித்தவை. அவற்றைக் குப்பைமேட்டிலே கொட்டினால், முன்வாசல் வழியே வெளியேற்றிய திருடனைப் பின்வாசல் வழியே உள்ளே விட்டதுபோலாகும்.

மின்நிலையத்துச் சாம்பலும் சாயத்தைப் பற்றும் என்று ஆராய்ச்சிகள் உண்டு. அதைக் கேட்டதும் எண்ணூர்த் தோழர்களுக்குச் சிரிப்பு வரும், கண்ணீரும் வரும். சாம்பற்குழாய் உடைந்து உடைந்து கொசஸ்தலையாறே மேடாகிப்போனதைக் கண்டவர்கள் அவர்கள். அந்தச் சாம்பலுக்குள்ளேயே ஆர்சனிக்கும் ஈயமும் உண்டு. அதைப் பக்குவம் செய்யாமல் வடிகட்டியாக்கினால், காவலுக்கு நிறுத்தியவனே கன்னம் வைப்பான்! மலிவான பொருள் என்பதற்காக எதையும் எங்கும் கொட்டலாம் என்பதல்ல நமது வாதம்.

உப்பின் கதையைத் திருப்பூர் சொல்லும். அங்கே சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். நிறம் குறைந்தது, உப்பு குறையவில்லை. நொய்யல் கெட்டது, ஒரத்துப்பாளையம் அணை உழவனுக்கு உதவாத உவர்க்குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. முதலாளிக்குப் பூட்டு, தொழிலாளிக்குப் பட்டினி. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்தபின்னரே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. தோழா, இதை நன்றாக நெஞ்சிலே பதித்துக்கொள்: தொழிலாளியின் வேலைக்கு உலைவைத்தது வடிகட்டியல்ல, வடிகட்டி வைக்காமல் காலம் கடத்திய பேராசை! "சுத்தம் கேட்டால் வேலை போகும்" என்று இனி எவராவது மிரட்டினால், திருப்பூரைக் காட்டு.

* * *

இப்போது இன்னொரு வலை விரிக்கப்படுவதையும் சொல்லியாகவேண்டும். வடிகட்டி மலிவு என்றதும் சிலருக்கு ஓர் எண்ணம் பிறக்கிறது. "ஆகா, அருமை! குப்பத்துக்கு ஒரு வடிகட்டி கொடுத்துவிடலாம். வீட்டுக்கு ஒரு புட்டி கொடுத்துவிடலாம். படம் எடுத்துக்கொண்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு புறப்பட்டுவிடலாம்!"

வேண்டாம் ஐயா, அந்தக் கொடை! வங்கதேசத்திலே வீட்டு வாளிக்கு ஒரு நியாயம் இருந்தது. அங்கே பாஷாணம் மண்ணிலிருந்து இயற்கையாக ஊறிற்று. அதைக் கொட்டியவன் என்று எவனையும் கைநீட்டிக் காட்ட முடியாது. எண்ணூரிலே நஞ்சுக்கு முகவரி இருக்கிறது. வாயிற்கதவு இருக்கிறது, காவலாளி இருக்கிறான், கணக்குப் புத்தகம் இருக்கிறது, கழிவு வெளியேறும் குழாயும் இருக்கிறது. குழாயின் வாயிலே வைக்கவேண்டிய வடிகட்டியைக் குடிசையின் வாயிலே வைப்பது என்ன நீதி? கொட்டுவது அவர், வடிப்பது நாமா? இலாபம் அங்கே, கரி மாற்றும் வேலை இங்கேயா? அதுவுமன்றி, வீட்டுப் பானையிலே நீரை வடித்துவிடலாம். கழுத்தளவு நீரில் நின்று இறால் தடவுகிறவன் ஆற்றையா வடிகட்டிக்கொள்வான்?

அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. ஆலைக்குள்ளே, குழாயின் வாயிலே, கழிவு சிறிதாகவும் செறிவாகவும் இருக்கிறது. இன்ன நஞ்சு என்று இனம் தெரிகிறது. அங்கே பிடித்தால் செலவு சிறிது. கால்வாயிலே கலந்து, பத்து ஆலைக் கழிவோடு கூடி, மழைவெள்ளத்தோடு விரிந்தபின்னர் பிடிக்கவேண்டுமானால் செலவு மலைபோலாகும். அப்போது வாளிதான் மிச்சம்!

செலவைப் பற்றிப் பேசுவோருக்கு வடசென்னையிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறோம். கொடுங்கையூருக்கு வாருங்கள். நமது வீடுகளிலிருந்து போகும் சாக்கடைநீர் அங்கே சேர்கிறது. அதைச் சுத்தம் செய்து, மேலும் நுண்ணிய சவ்வுகளின் வழியே வடித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நல்ல நீராக்கும் நிலையம் 2019-இல் இயங்கத் தொடங்கிற்று. அந்த நீர் எங்கே போகிறது? மணலிக்கும் எண்ணூர்ப் பக்கத்துக்கும், ஆலைகளுக்கு! நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆலைகள் ஏரிநீரைக் குடிக்காமல் இருப்பது நமக்கும் நன்மைதான்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தண்டையார்பேட்டைத் தாய் பாத்திரம் கழுவிய நீரை, கொருக்குப்பேட்டைத் தோழன் குளித்த நீரை, மணலி ஆலையின் கொதிகலனுக்கு ஏற்றதாக வடித்து அனுப்பப் பணம் இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார், பல கிலோமீட்டர் குழாய் இருக்கிறது. அந்த ஆலைப்பகுதியிலிருந்து ஆற்றுக்கு வரும் நீரை, ஒரு மீன் உயிர்வாழும் அளவுக்கு வடித்து அனுப்ப மட்டும் பணமில்லையா? ஏழையின் கழிவைச் சுத்தம் செய்து செல்வருக்குக் கொடுக்கத் தெரிந்த நாட்டிலே, செல்வரின் கழிவைச் சுத்தம் செய்து ஏழைக்கு விடத் தெரியவில்லையா? தெரியாததல்ல, தோழர்களே! கேட்பார் இல்லை என்ற துணிவு! ஆலைக்குச் சொந்தக்காரர் டெல்லி அரசாயினும், கோடீசுவரராயினும், அண்டைத் தெரு அன்பராயினும் நமது கேள்வி ஒன்றுதான்.

* * *

நாம் கேட்பது என்ன? ஆலையை மூடு என்றா? இல்லை. அந்த ஆலைகளிலே வியர்வை சிந்துகிறவன் நமது அண்ணன், நமது தம்பி. கேட்பவை நான்கு.

முதலாவது: ஒவ்வொரு கழிவையும் அது பிறக்கும் இடத்திலேயே பிரித்து வடிகட்டு. நல்ல நீரைக் கலந்து, நஞ்சை நீர்த்துப்போகச் செய்து, கணக்குக் காட்டாதே. ஆற்றிலே விடும் ஒரு லிட்டர் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நாட்டின் பொது விதி இருக்கிறது. விதி புதிதாக வேண்டாம். இருக்கும் விதி உயிரோடு இருந்தால் போதும்.

இரண்டாவது: மழைநீருக்கு ஒரு வழி, எண்ணெய்நீருக்கு வேறு வழி. இரண்டும் கலக்காதபடி வரப்பு எழுப்பு. வெளியேறும் வாயிலே எண்ணெயைத் தடுக்கும் தொட்டி கட்டு. எண்ணெய் மிதக்கும், நீர் கீழே போகும் என்பது அகல்விளக்கு ஏற்றும் சிறுமிக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மையின்மேல் கட்டுவதுதான் அந்தத் தொட்டி. பெருமழை வந்தால் தேக்கிவைக்கக் குட்டை வெட்டு. பஞ்சு நிரப்பிய மிதவைகளை வடகிழக்குப் பருவமழை வருமுன் வாங்கி அடுக்கு. எண்ணெய் முகத்துவாரத்தைத் தொட்டபின் டெண்டர் விடாதே!

மூன்றாவது: நஞ்சு குடித்த கரிக்கும் பஞ்சுக்கும் கணக்கு வை. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போயிற்று, எங்கே போயிற்று? அபாயக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கவென்றே கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது. அது அங்கே போகவேண்டும், கொசஸ்தலையாற்றங்கரைக்கு அல்ல.

நான்காவது: வாயிலிலே பலகை வை. ஆலைக்குள் இருக்கும் அபாயப் பொருள் என்ன, வெளியே விடும் நீரிலே என்ன, காற்றிலே என்ன என்று வாயிலுக்கு வெளியே எழுதிவைக்கவேண்டுமென்று 2003-இலேயே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அந்தப் பலகை தமிழிலே இருக்கட்டும். படிக்கும் உயரத்திலே, படிக்கும் எழுத்திலே, அன்றன்றைய அளவோடு இருக்கட்டும். பொடி எழுத்திலே, புழுதி மூடி, போன ஆண்டுக் கணக்கைச் சுமந்து நிற்கும் பலகை நமக்கு வேண்டாம்.

இந்த நான்கையும் கேட்க வல்லவன் யார்? வாரியத்து அதிகாரி ஆண்டிலே சில நாள் வருவார். நீதிபதி தாளிலே பார்ப்பார். ஆலைக்குள்ளே நாள்தோறும் இருப்பவன் தொழிலாளி. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அவனுக்குத் தெரியும். மழை கொட்டும் இரவிலே எந்த வால்வு திறக்கப்படுகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஓர் ஆலையிலே, பெயரைச் சொல்ல நாம் விரும்பவில்லை, பணிபுரியும் தோழர் ஒருவர் நம்மிடம் கூறினார்: "அண்ணே, பகல்லே நான் தொறந்துவிடற தண்ணிதான் சாயங்காலம் என் மச்சான் வலை போடற இடத்துக்குப் போவுது. அவன் வூட்டுக்குச் சோறு திங்கப் போனா, மீன் எங்கே புடிச்சதுன்னு கேக்க எனக்கு வாய் வரல." அந்த ஊமைத்தனத்தை உடைப்பதுதான் தொழிற்சங்கத்தின் வேலை.

போனஸ் கேட்கிறோம், பஞ்சப்படி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அந்தக் கோரிக்கைத் தாளிலே ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஒரு வரி சேரட்டும்: 'கழிவுநீர்க் கணக்கைத் தொழிலாளர் பிரதிநிதிக்குக் காட்டு, வடிகட்டி மாற்றிய தேதியைக் காட்டு.' அந்த ஒரு வரி, குப்பத்தையும் ஆலையையும் ஒன்றாகக் கட்டும் கயிறு. மீனவன் வேறு, ஆலைத்தொழிலாளி வேறு என்று பிரித்துவைத்து, ஒருவனைக் காட்டி மற்றவனை மிரட்டும் சூது அன்றோடு ஒழியும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அண்ணன் ஆலையிலே, தம்பி படகிலே என்று வாழும் குடும்பங்கள் எத்தனை! ஒரே தட்டில் உண்பவர்களை எதிரிகளாக்க எவரால் முடியும், நாமே இடம் கொடுத்தாலன்றி?

உமி மலிவு, கரி மலிவு, பஞ்சு மலிவு, மணல் மலிவு. மலிவல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கழுத்தளவு நீரில் நிற்கும் அந்த மனிதனின் உயிர். அதையும் மலிவென்று எண்ணியதால்தான் இரண்டு முறை அவன் கையிலே வாளியைக் கொடுத்தார்கள்.

மூன்றாம் முறை அந்த வாளியை அவன் ஏந்தக்கூடாது. ஏந்தினால், உலை வைக்க நீர் மொள்ளவே ஏந்தட்டும்! அதற்கான முதல் வேலை, அடுத்த மழைக்கு முன், அவரவர் ஆலை வாயிலிலே தொடங்கட்டும்!